ராஜா நுழையாத கலையரங்கம்

தெருவிளக்கு எரியலைன்னா விடியறதுக்குள்ள போன் வரும், எரிஞ்சா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஊராட்சிச் செயலர் உத்தியோகம் அவ்வளவுதான். இதே வேலையில மாட்டிக்கிட்டிருக்கற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? புதுச்சத்திரம் பக்கத்துல ஒரு ஊர்ல நான் கலையரங்கம் கட்டின லட்சணத்தைக் கேளுங்க.

"இதே போதுங்க"

மாரியம்மன் நோம்பிக்கு அந்த ஊர்ல தெருவுலதான் கூத்து. தெரு பஸ் ரோடாயிருச்சு. இனி ரோட்டை மறிச்சு ஆடக்கூடாதுன்னு போலீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. கூத்தே நின்னுபோகுமோன்னு கலங்கிக் கிடந்தப்பதான் கலையரங்கத்துக்கு அனுமதி வந்துச்சு.

யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் பிளானை விரிச்சு, "ஏதாச்சும் மாத்தணுமா?"ன்னு கேட்டார். பக்கத்து ஊருக்குப் போட்ட அதே பிளான். எனக்கு அன்னிக்குக் குடிதண்ணிச் சண்டையில மண்டை காய்ஞ்சிருந்தது. சரியாப் பாக்காமலே "இதே போதுங்க"ன்னுட்டேன். வெளிய மாதையன் நின்னுட்டிருந்தார். கோழிப்பண்ணையில தீவனம் அள்ளுற மனுசன், கூத்துல துரியோதனன். கையெடுத்துக் கும்பிட்டு, "இனி ஆரும் எங்களை ஓரமாப் போன்னு சொல்ல மாட்டாங்க சாமி"ன்னார்.

இரண்டரை அடி

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வேஷம் கட்டி ஒத்திகை பாத்தாங்க. பின்னால ஒரு ரூம், அதுலருந்து மேடைக்கு ஒரே கதவு; முன்பக்கம் படியும் கிடையாது. மாதையன் தலையில கிரீடம், ரெண்டு தோள்லயும் புஜக்கட்டைன்னு ரெக்கை மாதிரி மரக்கட்டை. வீராப்பா வந்தவர் கதவு நிலையில மாட்டி நின்னுட்டார். கதவு அகலம் இரண்டரை அடி, ராஜா மூன்றரை!

மேடையேறிக் கட்டிக்கலாமேன்னா, கட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதோட ஒரு கூத்துல எத்தனை தடவை உள்ள போய் வெளிய வரணும்! "கொஞ்சம் ஒருச்சாய்ச்சு வாங்களேன்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மிருதங்கக்காரர் சிரிச்சுட்டார். மாதையன் சிரிக்கல. "ஏனுங்க, நாட்டை ஆளுற ராசா நண்டாட்டம் நுழைஞ்சா எவன் பயப்படுவான்?"

மன்னிப்பு

கதவை இடிச்சு அகலமாக்கலாமான்னு ஓவர்சியருக்குப் போன் போட்டேன். முடிஞ்ச கட்டடத்துல கை வெச்சா விளக்கம் எழுதியே ரிட்டயர் ஆயிருவீங்கன்னார். ஒரு வார்த்தை மாதையனைக் கேட்டிருந்தா இந்த வினை உண்டா?

கோழிப்பண்ணைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். தீவன மூட்டையை இறக்கி வெச்சுட்டு, "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?"ன்னார். அதுவே எனக்குச் சுருக்குன்னு இருந்தது. மூட்டை வாயை அவுத்துக்கிட்டே சொன்னார்: "நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ரா வெச்சுக்கலாம்னு இப்பவே பேச்சு ஓடுது. அவிங்களுக்குத் தோள்ல கட்டை இல்லீங்களே."

திறப்பு விழா

மறுநாள் சாயங்காலம் யூனியன் ஆபீஸ் அதிகாரி பி.டி.ஓ. வந்து முன்வரிசை நாற்காலியில உக்காந்துட்டார். மேடை காலி. ராஜாவை எப்படி மேலே ஏத்தறதுன்னு எனக்கு வழி தெரியல. நின்னு நின்னு கால் கடுத்த பொம்பளைங்க, குழந்தைகளைத் தூக்கிட்டு ரூம் வழியாப் போய் ஃபேனுக்கடியில மேடைமேலயே உக்காந்துட்டாங்க. ஊராட்சித் தலைவரம்மா இறங்குங்கன்னு தொண்டை கிழியக் கத்தினாங்க. ஒருத்தரும் அசையல.

வேஷத்தோட வெளிய நின்ன மாதையன் அதைப் பாத்தார். கீழ வெட்டவெளியிலயே ரெண்டு பேரைத் திரை புடிக்கச் சொன்னார். திரை விலகுச்சு. நேரா, நெஞ்சை நிமித்தி, புழுதி பறக்க வந்தார் பாருங்க ராஜா! என் கண்ணு கலங்கிருச்சு. பி.டி.ஓ.வுக்குத்தான் தாங்கல. "மேடையில ஜனம், தரையில கலைஞரா? ரிப்போர்ட்டுக்கு என்னய்யா போட்டோ அனுப்புவீங்க?" மாதையன் ஆட்டத்தை நிறுத்தி, பணிவாத்தான் சொன்னார்: "அவிங்க உக்காரட்டுமுங்க. இத்தனை வருசமா ரோட்டோரம் நின்னே பாத்த காலுங்க."

யூனியன் ஆபீஸ் படிவத்துல 'மேடையைப் பயன்படுத்துவோர்'ங்கற கட்டத்துல 'பொதுமக்கள்'னு எழுதி அனுப்பினேன். என் சர்வீஸ்லயே அளவு சரியா அமைஞ்சது அந்த ஒரு வார்த்தைதான்.