வெள்ளிக்கிழமைப் பட்டினி

மரியசூசை நல்ல வேட்டைக்காரன் என்று பெயரெடுத்ததுதான் அவனுக்கு வினையாய் முடிந்தது. ஜொகூரில் தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கூலிதான் அவன். ஆனால் இளங்கன்றுகளைக் கிளறித் தள்ளும் காட்டுப்பன்றிகளைச் சுட, வெள்ளைக்காரத் துரை அவனைக் கூப்பிட்டுத்தான் துப்பாக்கியைக் கொடுப்பார். பன்றியைச் சுடுகிறவன் மனுஷனையும் சுடுவான் என்று அந்தப் பெரிய மனுஷர் நினைத்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து தோற்றுப்போனார்கள். சிலர் கடலைத் தாண்டி ஜொகூர் காட்டுக்குள் ஓடிவந்தார்கள். துரை மரியசூசையோடு இன்னும் மூன்று பேருக்குத் துப்பாக்கி கொடுத்து, இனி நீங்களும் ராஜாவின் பட்டாளம்தான் என்று சொல்லிக் கூட்டிப்போனார். சதுப்பு ஓரத்தில் அந்தச் சிப்பாய்களில் ஒரு கூட்டம் மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்து வெள்ளைக்கொடிபோல உயர்த்திக் காட்டினான். துரை சுடச் சொன்னார். எல்லோரும் சுட்டார்கள். புகை விலகியபோது சிலர் கரையில் கிடந்தார்கள், சிலரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எத்தனை பேர் செத்தார்கள், யார் குண்டு யார்மேல் பட்டது, எவனுக்கும் தெரியாது. துரைக்கு மெடல் வந்தது. மரியசூசைக்குத் தூக்கம் போனது.

அவன் வேதக்காரன். தோட்டத்துக்கு வந்துபோகும் பிரெஞ்சுச் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். எத்தனை பேரைக் கொன்றாய் என்று சாமி கேட்டார். தெரியாது என்றான். கிழவர் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். முன்னொரு காலத்தில் அவர் ஊர் ராஜா கடல் தாண்டிப்போய் இன்னொரு நாட்டைப் பிடித்தாராம். போரில் கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருஷம் தபசு என்று, சாமிமாருக்கெல்லாம் பெரியவர்களான மேற்றிராணிமார் சிப்பாய்களுக்கு அபராதம் விதித்தார்களாம். எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவன் உயிருள்ளவரை வாரத்தில் ஒருநாள் தபசு இருக்கவேண்டுமாம். அதையே மரியசூசைக்கும் வைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை பட்டினி, பிறகு உப்புக்கஞ்சி. போதாததற்கு, மூன்று தவக்காலம் கோயிலுக்கு வெளியே நிற்கவேண்டும்.

"ராஜாவுக்கு என்ன அபராதம் குடுத்தாங்க சாமி?" என்று கேட்டான்.

"ராஜா பெரிய மடம் கட்டிக் குடுத்தார்," என்றார் சாமி.

துரையும் லேசுப்பட்டவரில்லை. மறுவருஷமே தோட்டத்துக் கோயிலுக்குப் பலகையும் தகரமும் கொடுத்தார். தவக்காலத்தில்தான் அதை மந்திரித்துத் திறந்தார்கள். அந்த வேதத்தில் சேராத துரைக்கு முன்வரிசையில் நாற்காலி, கழுத்தில் மாலை. மரியசூசை வெளியே வெயிலில் நின்று பூசை கேட்டான். அந்தத் தகரத்தின் நிழல்கூட அவன்மேல் விழவில்லை.

வருஷங்கள் போயின. விடியலில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போவான், மலையேறி இறங்கிப் பால்வாளி சுமப்பான். மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது, விடவில்லை. இந்தக் காய்ச்சலும் இந்தப் பட்டினியும் ஒன்றாக இருந்தால் ஆள் அடுத்த மழைக்குத் தாங்கமாட்டான் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அவன் பெண்சாதி ராசம்மாவிடம் சொல்லிவிட்டார். அவளும் கெஞ்சிப் பார்த்தாள். செத்தால் அபராதம் தீர்ந்தது என்று விட்டேற்றியாகச் சொன்னான்.

அதற்குள் பிரெஞ்சுச் சாமி காலமாகி, புதுச்சேரியிலிருந்து ஒரு இளம் சாமி வந்திருந்தார். ராசம்மா அவர் காலில் போய் விழுந்தாள். சாமி மரியசூசையைக் கூப்பிட்டு விசாரித்தார், சிரித்தேவிட்டார். அவர்கள் கலகக்காரர்கள், நீ உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாய், இதில் பாவமே இல்லை, பழைய சாமிக்கு வயசாகிப் புத்தி மங்கிவிட்டது என்றார். அபராதத்தை ரத்து செய்து ஆசீர்வாதமும் கொடுத்தார். மரியசூசைக்கு வந்தது நிம்மதியில்லை, ஆத்திரம். இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்ததை ஒரு சின்னப்பையன் ஊதித் தள்ளியதுபோல இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசம்மா சோறாக்கிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தட்டைப் போட்டாள். அவன் கைவைக்கவில்லை.

"சாமி ரத்து பண்ணிட்டா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா?" என்றான்.

ராசம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"நீங்க பட்டினி கெடந்த வெள்ளிக்கெழமை எல்லாம் நானுந்தான் கெடந்தேன். நான் யாரைங்க சுட்டேன்?"

மரியசூசை நிமிர்ந்து பார்த்தான். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றாள். புருஷன் பட்டினி கிடக்கத் தனக்கென்று உலை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஊரான் சாவை நினைத்தே உருகிய மனுஷன் இதை ஒருநாளும் கவனித்ததில்லை. அவனுக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் அவளுக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டான். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சதுப்பில் கிடந்தவர்களுக்காகப் பட்டினி கிடக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு வீடு இருந்தது. அதுவும் அன்றோடு இல்லாமல் போயிற்று.