சைனைடு மண்ணில் போட்ட கோர்ட்

தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், கூரை போன பழைய ஆபீசர் கிளப்பின் கொல்லையில் ஜெயகரன் போட்ட டென்னிஸ் கோர்ட் மூன்றாவது முயற்சியில்தான் நின்றது. முதல் தடவை செம்மண் போட்டான். பாதி மழையோடு ஓடிச் சாக்கடையில் சேர்ந்தது. அடுத்த தடவை செம்மண்ணோடு செங்கல் தூளைக் கலந்தான். அது வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. விழுந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அவன் சைனைடு மேட்டின் பக்கம் திரும்பினான்.

பூமிக்கடியிலிருந்து வெட்டிய கல்லை மாவாக அரைத்து, சைனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப் போன மேடு அது. சாம்பல் நிறம், சலித்த மாவைப் போன்ற மண். ஈரமாக இருக்கும்போது உருளையை ஓட்டினால் சிமெண்டுத் தரை போல இறுகிக்கொள்ளும். தங்கவயலில் பிறந்தவர்கள் எல்லோரும் சின்ன வயதில் அட்டையை அடியில் போட்டுக்கொண்டு அந்த மேட்டிலிருந்து சறுக்கியவர்கள்தான்.

ஜெயகரன் அசட்டையான ஆள் இல்லை. பேரிலேயே விஷம் இருக்கிற மண். மேட்டடிக் குட்டையில் தண்ணீர் குடித்த மாடுகள் செத்த கதையைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த மண்ணைக் கொல்லைச் சரிவில் பரப்பி, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டான். மண்வெட்டியால் புரட்டிப் போட்டு மறுபடியும் நனையவிட்டான். விஷம் கழுவிப் போய்விட்டது என்று அவன் மனசுக்குத் திருப்தியான பிறகுதான் கோர்ட்டில் பரப்பினான்.

விஷத்தைப் பற்றித்தான் யோசித்தான். கல்லைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் அப்பா டைட்டஸ் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். நெஞ்சில் டஸ்ட், அதாவது கல்தூசி, ஏறிவிட்டது என்று வேலையிலிருந்து அனுப்பப்பட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கி, சாய்ந்தபடியே இறந்தவர். ஆனால் டஸ்ட் என்பது பூமிக்குக் கீழே நடக்கிற காரியம். கேஜில், அந்தச் சுரங்க லிஃப்டில், இறங்கினவர்களுக்கு வருவது. சுரங்கத்தின் ஷாஃப்டை மூடினபோது அதுவும் மூடிப்போனது என்றுதான் ஜெயகரன் நினைத்திருந்தான். அவன் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது.

டென்னிஸ் அவன் வாழ்க்கைக்குள் வந்தது பெங்களூர் ஒயிட்ஃபீல்டில். சுரங்கம் மூடியபோது ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டவன், ஏதேதோ வேலை பார்த்துவிட்டு, அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்தான். காலையில் ஊரிகத்தில் ரயில் ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவான். குழாய் சரிசெய்யப் போன ஒரு வீட்டில், அந்த வீட்டம்மா டென்னிஸ் ஆடும் தன் பையன் அமெரிக்காவில் காலேஜ் சேர்ந்த கதையைச் சொன்னார். படிப்பு, ரூம், சாப்பாடு எல்லாமே காலேஜ் பொறுப்பாம்.

"டென்னிஸ் ஆடுறதுக்கா மேடம்?"

"ஆடுறதுக்கு இல்ல, ஜெயகரன். ஆடுறவங்களுக்கு."

அன்று திரும்பும் ரயிலில் அந்த வாக்கியம் அவனோடு உட்கார்ந்து வந்தது. மகள் லவினாவுக்கு அப்போது பத்து வயது. குடியிருப்பில் தூக்கிப் போட்ட பந்துகளையும் பிடி கழன்ற ஒரு ராக்கெட்டையும் கேட்டு வாங்கி வந்தான். அங்கிருந்த கோர்ட்டில் பயிற்சியாளர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தோட்டக் குழாயைச் சரிசெய்கிற சாக்கில் நின்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ரயில் கூட்டாளி ஆஸ்டின் கேட்பான்: "இன்னா ஜெயகரா, நம்ம டிரெயின் அமெரிக்கா வரிக்கும் போவுதாமே?"

"போவுது. நீ மட்டும் ஒயிட்ஃபீல்டுல எறங்கிக்கோ."

கோர்ட் மோசமாக இல்லை, அதுதான் கொடுமை. சாம்பல் தரையில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதை எடுத்துப் பழகிய லவினாவின் முழங்கால் தானாக மடியும். அவள் பேக்ஹேண்ட் புல்லை அறுக்கிற மாதிரித் தாழ்வாகப் போகும். பெங்களூரில் ஒரு போட்டியில் அதைப் பார்த்த ராகேஷ் என்ற கோச், "எந்த அகாடமி?" என்று கேட்டார். "எங்க வூட்டு பின்னாடி சார்" என்றாள் அவள். சனி ஞாயிறுகளில் தன் அகாடமிக்கு வரச் சொன்னார். அவள் பேர் மாநிலத் தரவரிசையில் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் வாணி தன் மகளை அழைத்துவந்தாள். ஆட்டோ ஓட்டும் வாசு தன் இரண்டு பெண்களையும் கொண்டுவந்து விட்டான். ஜெயகரன் வேலைக்குப் போன பிறகு கோர்ட்டைப் பார்த்துக்கொள்வது லவினாதான். காலையும் மாலையும் கோணிப்பையை இழுத்துத் தரையைச் சமன் செய்வாள். கோடு தெரிய வேண்டுமே என்று துடைப்பத்தால் பெருக்குவாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தடவை பக்கெட்டில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினாள். ஜெயகரன் திட்டினான். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில் கோர்ட்டுக்குத் தெளிக்கத் தண்ணீர் ஏது? தெளித்தால் தரையும் குழி விழும். அதற்குப் பிறகு அவள் காய்ந்த தரையைத்தான் பெருக்கினாள்.

பதினாறு முடியும் சமயத்தில் இருமல் வந்தது.

முதலில் பனி என்றார்கள், பிறகு ரயில் ஜன்னல் காற்று என்றார்கள், அதற்கும் பிறகு பேர் வைக்கவில்லை. மூன்றாவது செட்டில் அவள் ஆட்டம் தொய்வதைப் பார்த்து ராகேஷ், "ஸ்டாமினா இல்ல, ஓடச் சொல்லுங்க" என்றார். ஜெயகரன் ஓட வைத்தான். கோர்ட்டைச் சுற்றியே ஓட வைத்தான்.

"ஒரு தபா டாக்டராண்ட காட்டலாங்க" என்றாள் மனைவி ஷோபா.

"காட்டினா இன்னா சொல்லுவாரு? ரெஸ்ட் எடுன்னுவாரு. இந்த வருசம் ரெஸ்ட் எடுக்கிற வருசமா?"

"மூச்சு வுடுறதுக்குக் கூடவா வருசம் பாக்கணும்?"

அது அவர்களுக்கு முக்கியமான வருஷம். அமெரிக்கக் காலேஜ் கோச்சுகளுக்கு வீடியோ அனுப்பவேண்டிய பருவம். வெட்டி ஒட்டாத முழு ஆட்டமாக வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். ஜெயகரன் தன் கைபேசியைக் கம்பத்தில் கட்டிப் படம் பிடித்தான். போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவே இருமல் பந்துச் சத்தத்தை விடத் தெளிவாகக் கேட்டது. அந்த இருமலின் கடைசியில் வரும் சின்ன விசில், அது அவனுக்குப் பழக்கமான சத்தம். எங்கே கேட்டோம் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கேட்காமல் இருந்தது தெரியாமையா, தெரிந்துகொள்ள மறுத்ததா? பிற்பாடு அவன் பல தடவை இந்த இடத்துக்கு வந்து நின்றான், ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொன்னான். அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான்: சத்தத்தை அடைத்துவிட்டு மேலே ஒரு கிடார் இசையைப் போட்டு அனுப்பினான்.

இசையோடு போன வீடியோவுக்குப் பல காலேஜ்கள் பதிலே போடவில்லை. குளிர்ப் பிரதேசத்தில் ஒரு சின்னக் காலேஜின் கோச்சம்மா மட்டும் பதில் போட்டார். அந்த பேக்ஹேண்ட் தனக்குப் பிடித்திருக்கிறது, ஓர் ஆட்டத்தை நேரலையில் பார்க்க வேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த பருவத்துக்கு இடம் உண்டு. ஷோபா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அதற்கப்புறம் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

ஆட்டம் பெங்களூரில், ராகேஷின் அகாடமியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராகேஷ் கைபேசியை முக்காலியில் பொருத்தினார். திரையில் கோச்சம்மா கம்பளி உடுப்போடு காபிக் கோப்பை பிடித்துக்கொண்டிருந்தார். லவினா முதல் செட்டை அடித்துத் தள்ளினாள். கோச்சம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். ஜெயகரன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கர்த்தரே, இன்னும் ஒரு செட்.

இரண்டாவது செட்டின் நடுவில் அவள் சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கினாள், அடிக்கவில்லை. பந்து தலைக்கு மேலே போய்ப் பக்கத்தில் விழுந்தது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தாள். இருமல் நின்றதும் மறுபடி பந்தைத் தூக்கினாள். ஒரு கேமை ஜெயித்தாள். அடுத்ததில் வலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரைக்குள்ளிருந்து கோச்சம்மா ஏதோ கேட்டார். ராகேஷ் ஜெயகரனைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"சளி சார்."

"சளி இல்ல இது. அவங்க ஆட்டத்தை நிறுத்தச் சொல்றாங்க."

"இன்னும் ஒரு செட்டு கீதே சார். அவ ஆடுவா."

"அவங்க பாக்கமாட்டேன்றாங்க, ஜெயகரன். பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

பெங்களூரில் நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "வீட்டில் யாராவது கல்குவாரியில் வேலையா? கல் அறுக்கிற பட்டறை ஏதாவது பக்கத்தில்?" என்றார். ஜெயகரன் இல்லை என்றான். உண்மையாகவே இல்லை என்றுதான் நினைத்தான்.

"தூசி எங்கேயாவது?"

"நான் கோர்ட் பெருக்குவேன் டாக்டர்" என்றாள் லவினா. "சைனைடு மண்ணு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை வருஷமாக, எந்த நேரத்தில், காய்ந்த தரையா, மூக்கைக் கட்டுவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அரைத்த கல்லின் பொடி உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பி வராது. இன்றோடு நிறுத்தினால் இதற்கு மேல் ஏறாமல் இருக்கலாம், அதையும் இப்போது சொல்ல முடியாது. ஓட்டம், போட்டி எதுவும் கூடாது. "வயசான டிரில்லருங்ககிட்டதான் இந்தப் படத்தைப் பார்த்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

ரயிலில் லவினா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பங்காருபேட்டை தாண்டியதும் கேட்டாள்:

"தாத்தா எத்தினி வருசம் வேலை செஞ்சாரு?"

"இருவது வருசத்துக்கு மேல."

"நானு ஆறு வருசம்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அந்தக் காலேஜுக்குத் தன் நோயைப் பற்றி லவினாவே எழுதிவிட்டாள். நல்லபடியாகக் குணமாக வேண்டும் என்று அன்பான பதில் வந்தது. அதில் இடத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

ஜெயகரன் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் கோர்ட்டில் பந்துச் சத்தம் கேட்டது. எழுந்து போனான். ஓரத்தில் வாசுவின் பெண்கள் பந்து தட்ட, வாணியின் மகள் துடைப்பத்தோடு கோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் அவள் இடுப்பு உயரத்துக்குப் பொடி எழுந்து நின்றது. வாணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணி, பிள்ளைய வெளிய கூப்புடு. இனிமே இங்க ஆட வேணாம்." டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னான்.

வாணி கேட்டுக்கொண்டாள். "லவினாவுக்கு இப்படி ஆச்சேன்னு எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லண்ணா. ஆனா இந்த மண்ணுலதான நாம எல்லாரும் பொரண்டு வளந்தோம்? நமக்கு இன்னா ஆச்சு?"

"நாம பெருக்கல வாணி. தினம் தினம் இதுல மூச்சு வாங்க ஓடல."

வாசு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சுக்காத. அந்த அமெரிக்காக்காரி சரின்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு வந்து இதச் சொல்லியிருப்பியா?"

ஜெயகரன் திரும்பி நடந்தான். கிளப் சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து தரையில் ஓங்கிக் குத்தினான். இறுகிய மண் பெயர்ந்து குபீரென்று பொடி கிளம்பியது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தார்கள். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்றான். குத்தினால் பொடி எழும்புகிறது, விட்டால் கோர்ட் அப்படியே இருக்கிறது. கடப்பாரையை நட்டுக்கொண்டு நின்றான். வாசு வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "கோர்ட்டு உன்து இல்லண்ணே, மைன்ஸ் கம்பெனி நெலம்."

அப்போதுதான் லவினா வந்தாள். கையில் ராக்கெட். நைட்டிக்கு மேல் துப்பட்டா. பின்னாலேயே ஷோபா ஓடிவந்தாள்.

லவினா வாணியின் மகளைப் பார்த்து, "வா, ஒரு கேம் ஆடலாம்" என்றாள்.

"லவி, வேணாம் கண்ணு" என்றான் ஜெயகரன்.

அவள் அவனைக் கடந்து கோட்டுக்குப் போய் நின்றாள். சின்னவள் தயங்கித் தயங்கிப் பந்தைப் போட்டாள். லவினா முழங்காலை மடித்து அந்தப் பழைய பேக்ஹேண்டை அடித்தாள்; பந்து தரையை உரசிக்கொண்டு மூலைக்குப் போனது. நாலைந்து பந்துகள் அப்படிப் போயின. பிறகு அவள் நின்றாள். குனிந்தாள். அந்தச் சத்தத்தை வாணியும் வாசுவும் பக்கத்தில் நின்று முழுதாகக் கேட்டார்கள். நிற்கும் போலிருந்தது, நிற்கவில்லை. ஷோபா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது லவினாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"கேட்டீங்களா, அக்கா?" என்றாள் வாணியிடம்.

வாணி மகளின் ராக்கெட்டை வாங்கி உறையில் போட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அடுத்த மாதம் அவளுக்குப் போட்டி இருந்தது.

வாசு தன் பெண்களுக்கு ராபர்ட்சன்பேட்டையில் முகமூடி வாங்கிக் கொடுத்தான். அவர்கள் இப்போதும் காலையில் வந்து பெருக்கி, ஆடுகிறார்கள். வேலைக்குக் கிளம்பும் ஜெயகரன் முகமூடியை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பான். பெண்கள் ஏற்றிக்கொள்வார்கள். ஓட ஆரம்பித்ததும் மூச்சு முட்டுகிறதென்று தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொள்வார்கள்.