டோக்கன் கேட்ட காவேரி அக்கா

போன வியாழக்கிழமை ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய கம்பெனி வண்டியில் காவேரி அக்காவின் இடம் காலியாக இருந்தது. "காமாலைம்மா. விடியக்காலம் உசுரு போய்டுச்சு," என்றார் டிரைவர். வண்டியையே சிரிக்கவைக்கும் நான், அடிவாரத்து ஒடுகத்தூர் தாண்டியும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் செருப்புக் கம்பெனியின் தையல் பிரிவில் அவரோடு உட்கார்ந்த உங்களுக்கு அந்த மரக்கட்டை டோக்கன் நினைவிருக்கும். முப்பது பெண்களுக்குக் கழிப்பறைக்குப் போக ஒரே டோக்கன். அது மேஸ்திரியின் மேசையில். "எங்க போவணும்? சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்பார். மலைப் பெண்களென்றால் இன்னும் இளக்காரம்: "காட்டுல இன்னா, கேட்டுக்கினா போனீங்க?" அதற்குப் பயந்தே நாம் மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை. நம்மை ஆடாக மேய்த்தவருக்கு நான் வைத்த பெயர் 'மேய்ஸ்திரி'. அதையும் அவர் அந்தப் பக்கம் போனபிறகுதான் சொல்வேன்.

"அவரு முதுகுக்கு இன்னா காதா கீது? மூஞ்சிக்கு நேரா சொல்லுடி," என்பார் அக்கா.

பெரிய மேனேஜர் பார்வையிட வருவதாகத் தெரிந்தபோது நான் ஒரு குறும்பு சொன்னேன்: மேஸ்திரி பழக்கியபடியே, மேனேஜர் முன்னால், ஒவ்வொருத்தியாக எழுந்து சத்தமாக டோக்கன் கேட்பது. எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "நான் மொதல்ல. நீ ரெண்டாவது."

மேனேஜர் வந்த அன்று அக்கா எழுந்தார். "மேஸ்திரி, நான் ஒண்ணுக்குப் போவணும். சத்தமா கேட்டாத்தான குடுப்பீங்க?"

இயந்திரங்கள் நின்றன. "புத்தி சரியில்லாத பொம்பள சார். இன்னிக்கே அனுப்பிடறேன்," என்றார் மேஸ்திரி.

அடுத்து நான். எழவில்லை. நூல் அறுந்ததுபோலக் குனிந்து ஊசியைத் துழாவினேன். அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று.

"வேற யாருக்காவது இந்தக் குறை இருக்கா?" என்று கேட்டார் மேனேஜர். தலைகள் குனிந்தன. மேஸ்திரி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பியது.

"எனக்கும் போவணுங்க," என்றேன், பூனைக்குட்டிக் குரலில். பிறகு என் பின்னால் முக்காலிகள் நகர்ந்தன, ஒன்றன்பின் ஒன்றாக.

மேனேஜர் அன்றே டோக்கனை ஒழித்தார்; அக்காவையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. வண்டியில், "மன்னிச்சுடுக்கா" என்றேன். "எழுந்த இல்ல? வுடு," என்றார்.

மேஸ்திரியைத் தோல் வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கும் பெண்கள் இருக்கிறார்கள். நேற்று அங்கிருந்து ஒருத்தி அழுதுகொண்டே வண்டியேறினாள். நாளை அவளோடு மேனேஜர் அறைக்குப் போகிறேன், வருகிறவர்கள் வாருங்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அவர் தனியாக நின்ற அந்தச் சில நிமிடங்களை. இன்னொருத்தியை அப்படி நிற்கவிட மாட்டேன்.