மூடிக்காரர் வாங்கிய கேனரி

டின் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டியவர் என்பதால் அவரை எல்லோரும் மூடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வாயைத் திறக்காத ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வதும் உண்டு. அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சோடிப் போயிற்று. மனைவி முன்போல் பேசுவதில்லை என்பது அவருடைய மனக்குறை. பேசினாலும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். “என்ன சொன்ன?” என்று இரண்டு முறை கேட்டால், மூன்றாவது முறை “ஒண்ணுமில்லீங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். மகள் போன ஏக்கம் இவளைத் தின்கிறது என்று அவர் நினைத்தார். வீட்டுக்குள் ஏதாவது ஒரு உயிரின் சத்தம் இருந்தால் தேவலை என்று பட்டது. ஒரு சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது மஞ்சள் கேனரிக் குருவி ஒன்றைக் கூண்டோடு வாங்கி வந்துவிட்டார்.

பறவைக் கடைக்காரர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். ஆண் பறவை, நன்றாகப் பாடும். ஆனால் புது இடம் என்று முதலில் ஒரு வாரம் மிரளும், அவசரப்படுத்தக் கூடாது.

மூடிக்காரர் அவசரப்படுத்தவில்லை. அடுப்புப் புகை படாமல், ஜன்னல் காற்று நேராக அடிக்காமல், கண் உயரத்துக்கு ஆணி அடித்துக் கூண்டை மாட்டினார். மூன்று பக்கமும் பழைய வேட்டியைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தார். கூண்டோடு வந்த வழவழப்பான குச்சிகளை எடுத்துவிட்டு, மரக்கிளையைக் கழுவிக் காயவைத்துச் செருகினார். கால் வலிக்காமல் உட்காரட்டும் என்று ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லியதாக. தினையைக் கிண்ணத்தில் போடும்போது கையை அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டார். முதல் இரண்டு நாள் அது கம்பியில் மோதி மோதிச் சிறகடித்தது. மூன்றாம் நாள் மூலையில் பந்துபோல் சுருண்டு கிடந்தது. அவர் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, மகளைத் தூங்க வைத்த காலத்தில் உட்கார்ந்ததுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் போயிற்று. வேட்டியை எடுத்தாயிற்று. பறவை நன்றாகத் தின்றது, குளித்தது, அவர் விரலில் இருந்த கீரையைக் கொத்தியது. பாட்டு மட்டும் இல்லை.

மனைவி ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, அது பாடுகிறதே என்றாள். அவர் வேலைக்குப் போன பிறகு பாடுகிறது என்று எடுத்துக்கொண்டார். தன்னைக் கண்டால்தான் அதற்குப் பயம் போலும். ஒரு வேளை தன்னைத் தேற்றுவதற்காக இவள் பொய் சொல்கிறாளோ என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். ஒன்றுமில்லை. கடைக்காரன் பாடாத பெட்டையைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தார்.

பத்தொன்பதாம் நாள், மனைவி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார்.

“ஆணுன்னு சொல்லிக் கொடுத்தீங்க. இன்னிக்கி வரைக்கும் ஒரு சத்தம் கிடையாது. எடுத்துக்கோங்க.”

கடைக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். தீனி வாங்க வந்திருந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டையே பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. மூடிக்காரரும் திரும்பிப் பார்த்தார். பறவை மேல் குச்சியில் நிமிர்ந்து நின்றது. அலகு லேசாகத் திறந்திருந்தது. தொண்டை இறகுகள் உப்பி, உள்ளே ஏதோ உருளுவதுபோல் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. தெருவில் போன லாரியின் உறுமல் அவருக்குக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

கடைக்காரர் அவர் பக்கம் குனிந்தார். “இதுக்கு மேல எப்படி சார் பாடணும்?”

“வீட்ல இப்படிப் பாடல,” என்றார் மூடிக்காரர். கூண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ் ஏறத் தோன்றவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தார். மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூண்டைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இது எப்பலேர்ந்து பாடுது?” என்று கேட்டார்.

அவள் கிட்டே வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். “வந்த எட்டாம் நாள்லேர்ந்து.”

“எனக்குக் காது கேக்கலன்னு உனக்குத் தெரியுமா?”

“பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேங்க,” என்றாள். “நாலஞ்சு தடவை சொன்னேன். முணுமுணுக்காதன்னு திட்டுனீங்க.”

அவர் உள்ளே போனார். கூண்டைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினார்.

கம்பெனியில் வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. கண்ணாடி வைத்த அறைக்குள் உட்கார்ந்து, ஹெட்போனில் சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். நர்ஸம்மாவின் விரல் பொத்தானை அமுக்குவதைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, மூன்று வருஷமாகச் சரியாகக் கையைத் தூக்கிவந்தார் அவர். உற்றுக் கேட்கும்போது கண்ணும் அந்தப் பக்கம் போகத்தான் செய்யும் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கை தொடையிலேயே கிடந்தது. போனது போனதுதான், மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் இனித் திரும்பாது என்றார் டாக்டர். பிரஸ்ஸிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டார்கள். காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். அதில் பாத்திரம் உருளுவது இடிபோல் கேட்டதே தவிர, பறவை கேட்கவில்லை. ஒரு வாரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

கேனரி வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அது பாடும்போதெல்லாம் மனைவி அவர் தோளைத் தொட்டு, “பாடுதுங்க,” என்பாள். அவர் போய்த் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில வாரத்தில் தோளைத் தொடுவது குறைந்தது. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெயில் தணிந்த மாதத்தில் பறவைக்கு இறகு உதிர ஆரம்பித்தது. கூண்டுக்கடியில் தினமும் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும், அவர்தான் பெருக்குவார். ஒரு நாள் மாலை மனைவி கூண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்னவென்று கேட்டார்.

“பத்து நாளாப் பாடறதில்லீங்க,” என்றாள், அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி. “வீடே என்னமோ மாதிரி இருக்கு.”

இறகு உதிரும்போது எந்தப் பறவையும் பாடாது, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். அவள் முகத்தில் கவலை தீரவில்லை. அவர் பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் உதடுகள் அடுத்து என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.