மும்தாஜ் அக்காவின் பெரிய பல் சீப்பு

செய்தி வந்தபோது என் கையில் சீப்பு இருந்தது. காலை எட்டரை மணி. கஸ்தூரியை முக்காலியில் உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து மும்தாஜ் அக்காவின் மகள் பேசினாள். "ராணிக்கா, உம்மா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல" என்றாள். என் கை நின்றுவிட்டதைக் கண்டு கஸ்தூரி திரும்பினாள். "ஏன் நிறுத்திட்ட? பாதி சிக்கு அப்பிடியே கெடக்கு" என்றாள். மீதிச் சிக்கையும் எடுத்துப் பின்னி முடித்தேன். அழுதது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் எங்கள் இல்லத்து வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். அக்காவின் படம், அதன் கீழே 'பொறுமையின் சிகரம்' என்று பெரிய எழுத்தில் இரண்டு சொல். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், அது பொய். மனநலம் பாதித்துத் தெருவில் கிடந்த பெண்களைப் பராமரிக்கும் இந்த இல்லத்தில் பதினோரு வருஷம் அவருடன் ஒரே வார்டில் ஆயாவாக வேலை பார்த்தவள் நான். அக்காவுக்குச் சிக்கு விழுந்த முடியிடம் மட்டும்தான் பொறுமை இருந்தது. மனிதர்களிடம், அதிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடம், துளியும் கிடையாது. அது இல்லாத புண்ணியத்தில்தான் இங்கே இத்தனை பெண்கள் தலையில் முடியோடு நடமாடுகிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு எங்கள் பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணைப் போலீஸ் கொண்டுவந்து விட்டால் முதல் வேலை மொட்டை. பேன், புண், சிக்கு, ஆள் பற்றாக்குறை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அதைச் செய்தது நான்தான். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பழகிய கை என்னுடையது, வேகமான கை. மெஷினை எடுத்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தலை. சிலர் கத்துவார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். சுத்தம் செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் பின்னால் நின்று இதைப் பார்த்தார். "ராணி, அது தலைடி. முந்திரிக்கொட்டை இல்ல" என்றார். நான் முறைத்தேன். வந்து நாலு நாள் ஆகவில்லை, எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் மாதம் கஸ்தூரி வந்தாள். அப்போது அவள் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் வாசலில் கிடந்தவள் என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தது. வாயே திறக்கவில்லை. அதனால் பதிவேட்டில் 'ஊமை' என்று எழுதிவிட்டார்கள். இடுப்பு வரைக்கும் முடி, ஆனால் பின்கழுத்துக்குக் கீழே அவ்வளவும் ஒரே கட்டி. மெஷினைக் கண்டதும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். நான் கிட்டே போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் சார் வந்தார். "இத்தனை பேருக்கு மூணே மூணு ஆயா. இங்க என்ன பியூட்டி பார்லரா நடத்துறோம்?" என்றார்.

"அழகுக்கு இல்ல சார். வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"அது ஊமைம்மா."

"ஊமைன்னா கை இல்லையா சார்? கையால சொல்லுது, நல்லா பாருங்க."

அடுத்த திங்கட்கிழமை கமிட்டிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் சிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டைதான் என்று அவர் கெடு வைத்தார். அன்று புதன்கிழமை.

எங்களிடம் சீப்பு இல்லாமல் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஒருவர் வருஷா வருஷம் டஜன் கணக்கில் தருவார், கூடவே நின்று ஃபோட்டோவும் எடுத்துக்கொள்வார். எல்லாம் நெருக்கமான பல் வைத்த, உப்புத்தாள் போலச் சுரண்டுகிற மட்டமான சீப்புகள். அக்கா அத்தனையையும் ஒரு பையில் கொட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு, சாயந்திரமே அவர் கடைக்குப் போனார்.

"அண்ணே, உங்க பொண்ணுக்கு நீட்டு முடிதான?"

"ஆமாம்மா. ஏன்?"

"இதுல ஒண்ணை எடுத்து அது தலையில சீவிக் காட்டுங்க. பொண்ணு அழுவலன்னா பையோட திரும்ப எடுத்துட்டுப் போறேன்."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "தானமா குடுத்ததைத் திருப்பிக் குடுக்குறீங்களா?" என்றார். "தானம்னா வாங்குறவளுக்கு வலிக்கணும்னு எங்கயும் எழுதல அண்ணே. மொத்தத்தையும் வச்சிக்கிட்டு நல்லதா அஞ்சாறு குடுங்க, போதும்" என்றார் அக்கா. எனக்கு அவமானமாக இருந்தது. தெருவில் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்கா சீப்பு தேர்ந்தெடுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு சீப்பையும் மணிக்கட்டின் உள்பக்கம் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். கோடு விழுந்தால் அது வேண்டாம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் நகத்தை விட்டார். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்பில் அங்கே ஒரு கூரான விளிம்பு இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம், முடியை அறுப்பது அதுதானாம். பல் அகலமாக இருக்க வேண்டும், முனை உருண்டையாக இருக்க வேண்டும். வளைந்து கொடுக்கிற பல் வைத்த பிரஷ் ஒன்றையும் எடுத்துப் பார்த்தார். மெல்லிய முடிக்கு அது சரி, அடர்ந்த முடியில் மேலாக வழுக்கிப் போய்விடும், உள்ளே இருக்கும் சிக்கு அப்படியே கிடக்கும் என்றார். கடையில் வேலை பார்த்த பெண் சிரித்துவிட்டாள். "யக்கா, இது என்ன வளையல் கடையா? கையில போட்டுப் போட்டுப் பாக்குறீங்க" என்றாள். "வளையல் சரியில்லன்னா கையி மட்டும்தான்மா வலிக்கும்" என்றார் அக்கா. கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பல் சீப்பை எனக்கென்று எடுத்துக் கொடுத்தார். "சீப்பு வளையணும், இல்லன்னா கையாவது வளையணும். ரெண்டும் வளையலன்னா முடிதான் அறும்" என்றார்.

வியாழக்கிழமை தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, நுனியிலிருந்து தொடங்கினோம். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இழுப்பு மண்டைக்குப் போகாது. ஒரு விரல்கடை விடுபட்டால் இன்னும் ஒரு விரல்கடை மேலே. சாயந்திரத்துக்குள் ஒரு சாண் பிரிந்துவிட்டது. மறுநாள் அக்கா சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நாமே சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான் ஒரு காரியம் செய்தேன். ஷாம்பூ போட்டு, முடியை உச்சந்தலைக்குத் தூக்கிக் குவித்து, துணி துவைப்பதுபோல அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால் பிரித்த சாணும் சேர்ந்து, மொத்தமும் கயிறு முறுக்கிய மாதிரி இறுகிக் கிடந்தது. சிக்கு இருக்கும்போது தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் அதுவரை சிக்கு எடுத்தவளா என்ன, மொட்டை அடித்தவள்.

சனிக்கிழமை வந்து பார்த்ததும் அக்கா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டுச் சீப்பை என் கையிலேயே கொடுத்தார். "நீதான முடிச்சுப் போட்ட, நீயே அவுத்துடு" என்றார். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒரு கட்டி மட்டும் எதற்கும் மசியவில்லை. அக்கா கத்தரிக்கோலை எடுத்துவந்து அவள் முகத்துக்கு எதிரே காட்டினார், கட்டியைத் தொட்டுக் காட்டினார், பிறகு காத்திருந்தார். அவள் ஒருமுறை தலையை அசைத்தாள். அதற்கு அப்புறம்தான் கத்தரித்தார். எனக்கு என்னவோபோல் இருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த அசைப்புக்கு நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீப்பு என் கையில் இருந்தது. திங்கட்கிழமை நினைப்பில் பழைய வேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. "மெதுவா" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா சொன்னார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அக்கா வாயில் சோற்றோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது அந்தப் பெண். அக்கா எச்சில் கையோடு ஆபீசுக்கு ஓடி, இடது கையால் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் 'ஊமை'யை அடித்துவிட்டு வந்தார். கஸ்தூரி என்ற பெயர் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. திங்கட்கிழமை கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். கஸ்தூரியின் பின்னலை ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த இல்லத்தில் கேட்காமல் மெஷின் ஓடியதில்லை. அதற்காக அக்கா போட்ட சண்டைகளைச் சொன்னால் தாள் போதாது. முடி வேண்டாம், அடித்துவிடு என்று சொன்ன பெண்களும் உண்டு. அவர்களுக்கு அக்காவே சந்தோஷமாக அடித்துவிட்டார். நான் மெஷினைத் தொடவில்லை.

ஊர்ப் பெண்களின் தலையெல்லாம் பார்த்த மும்தாஜ் அக்காவின் தலையை எங்களில் யாரும் பார்த்ததில்லை. முக்காடு விலகாது. போன வருஷம் மார்பில் கட்டி என்று சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவருவேன். இரண்டாவது கீமோ முடிந்த வாரம் ஃபோனில், "வரும்போது மெஷினைக் கொண்டாடி. சீப்பும் கொண்டா" என்றார். போனதும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கச் சொல்லிவிட்டு முக்காட்டை எடுத்தார். பாதி நரைத்த, நல்ல அடர்த்தியான முடியாக இருந்திருக்க வேண்டும். தலையணையெல்லாம் அதுதான் கிடந்தது.

"நான் மாட்டேன்க்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நான் கேக்குறேன்ல? கேக்காதவங்களுக்கு அத்தனை பேருக்கு அடிச்ச. கேக்குறவளுக்கு அடிக்க மாட்டியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தேன். "மொதல்ல சீவு. அப்புறம் அடி" என்றார். அந்தப் பழுப்புச் சீப்பால் நுனியிலிருந்து சீவினேன். சீப்போடு வந்ததை மடியில் சேர்த்துக்கொண்டேன். பிறகு மெஷினை எடுத்தேன். ஒருத்தி கேட்டு நான் அடித்த முதல் மொட்டை அது. முடிந்ததும் கையால் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டி அடிக்கிற. அதான் எனக்கு எப்பவும் பயமே" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரையை விலக்கிப் பார்த்தார்.

அக்காவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். தோளுக்குக் கீழே கட்டி கட்டியாக முடி. மேனேஜர் சார் மெஷினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அந்தம்மா இருந்தவரைக்கும் விட்டாச்சு. இனிமே பழையபடியே பாத்துக்கலாம் ராணி" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு நேரம்தான் இல்லை. ஆனால் எங்கள் வார்டுக்கு அக்கா போனதோடு எல்லாம் போனது என்று அவர் நினைத்தார் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒரு கையில் மெஷின், இன்னொரு கையில் சீப்பு. "எது வேணும்மா?" என்று கேட்டேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போய்ப் பதிவேட்டில் 'மொட்டைக்குச் சம்மதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை நாள் ஆகும் என்று சார் கேட்டார். "தெரியாது சார். கெடு மட்டும் வைக்காதீங்க" என்றேன்.

வாசலில் இருந்த பேனரையும் அவிழ்த்துவிட்டேன். படம் இருந்த பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மீதியை முக்காலிக்கு அடியில் விரித்தேன், எண்ணெய் சொட்டினால் தரை வழுக்கும். பொறுமையின் சிகரத்தின் மேல் இப்போது எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா பார்த்தால் திட்டமாட்டார்.

அக்கா எனக்குக் கொடுத்ததுதான் என்றாலும் அந்தப் பழுப்புச் சீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவருடைய மகள் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அதையும், ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்குச் சிக்கு எடுக்கத் தொடங்கி இன்றைக்கு நான்காம் நாள். சீப்பு இன்னும் தோளைத் தாண்டவில்லை. யாரும் எங்களை அவசரப்படுத்த வேண்டாம்.