திருக்கையும் மல்லிகையும்

1997 மார்ச் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து, ஆறரைக்கு ஷேர் ஆட்டோ ஏறி, ஏழு மணிக்கு பூனா பக்கத்து தேஹு ரோடு டிப்போவில் வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். குழந்தை இறந்து மூன்றாம் நாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மனைவிக்குப் பால் சுரக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாமியார் திருக்கை மீன் கேட்டார். மார்க்கெட்டில் இரு கைகளையும் சிறகாக விரித்து, வாலையும் காட்டினேன். "பாகட்!" என்று அதன் மராத்திப் பெயரைச் சொல்லிச் சிரித்தாள் மீன்காரி. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு நான்கு நாள் குழம்பு. ஞாயிறு மாலை பால் வந்தது. திங்கள் காலை கிண்ணத்தில் முதல் பாலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்டி காலியாக இருந்தது.

பால் மட்டும் நிற்கவில்லை. புதன் மாலை நான் வீடு திரும்பியபோது மனைவிக்குக் காய்ச்சல். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது.

"மல்லிப்பூ வாங்கிட்டு வாங்க மாப்ள. வச்சிக் கட்டுனா பால் வத்திரும்," என்றார் மாமியார்.

நான் கொண்டுவந்தது பூனாவில் எங்கும் விற்கிற கஜ்ரா. தலையில் வைக்க நெருக்கிக் கோத்த சரம்.

"ஏன் மாப்ள, கல்யாண வீட்டுக்கா போறோம்? உதிரியால்ல வேணும்! நூலு உறுத்துமே அவளுக்கு."

பன்னிரண்டு சரத்தையும் அறுத்துப் பூவை உருவினோம். மனைவியும் ஒரு சரத்தை எடுத்துக்கொண்டாள்.

"மீனுக்கு நாலு நாள் ஆச்சு. இதுக்கு எத்தன நாள்மா?"

"ரெண்டு மூணு நாள்ல நின்னுரும்."

"அப்ப பூதான் சீக்கிரம்," என்றாள்.

டைரியில் திருக்கையின் எடை, சமைத்த நேரம், அவள் சாப்பிட்ட அளவு எல்லாம் எழுதியிருந்தேன். அதன் கவிச்சி வீடு முழுக்க நின்றது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு துண்டு கேட்டாள். மல்லிகைக்கும் எழுதினேன்: சரம் பன்னிரண்டு, கட்டிய நேரம் ஏழு ஐம்பது. வாசனை எழும்பியதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பதை எழுதவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, பூக்காரி சரம் கோக்க உட்காரும் முன்பே போய்க் கால் கிலோ உதிரிப்பூ கேட்டேன். வீட்டில் பூஜையா என்றாள். ஆமாம் என்றேன்.