பொட்டு வைத்த ருஷ்யப் புத்தகம்

“ருஷ்யன் படிச்சு ஆரோட கதைக்கப் போறாய் புள்ள? வாவி மீனோடயா?”

மாமா இப்படிக் கேட்டதும் தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எழுபதாம் ஆண்டு புரட்டாதி மாதம் அது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். களுவாஞ்சிக்குடிக்குப் போய் பஸ் ஏற வேண்டுமென்றால் முதலில் வாவியைக் கடக்க வேண்டும். கடத்திவிடும் தோணிக்காரர் அம்மாவின் தம்பியான இந்த மாமாதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரம் வரை படித்துச் சித்தியடைந்திருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. சோவியத் நாட்டில் விவசாயம் படிக்கப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து விண்ணப்பித்திருந்தேன். மாரி முடிந்ததும் கொழும்பில் நேர்முகம். ருஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்குப் பெரிய மனிதர் எவரையும் தெரியாது. நாலு எழுத்து ருஷ்யன் தெரிந்துகொண்டு போனால் அதுவே எனக்குச் சிபாரிசு என்று நினைத்தேன்.

சொல்லித்தர ஆளில்லை. மழை வலுத்தால் தோணியும் நின்றுவிடும். வெள்ளம் வடியும்வரை எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டக்களப்பு டவுனும் ஒன்றுதான், மொஸ்கோவும் ஒன்றுதான். ஆகவே இப்போது வாங்கும் புத்தகம்தான் நேர்முகம்வரை எனக்கு வாத்தியார். வாங்கப் போவதும் ஒன்றே ஒன்றுதான்.

சிரித்த மாமாவே துணைக்கு வந்தார். டவுனில் சோவியத் புத்தகங்கள் விற்கும் கடையில் மூன்றை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கான பேச்சுக் கைநூல். பெட்டி தொலைந்தால் எப்படி முறையிடுவது, நடனம் பார்க்க எப்படிச் சீட்டுக் கேட்பது என்றெல்லாம் இருந்தது. அடுத்தது படங்கள் நிறைந்த சிறுவர் கதை. மூன்றாவது, ஆங்கில விளக்கங்களோடு கெட்டி அட்டை போட்ட தடித்த இலக்கணம். அதில் ஒரு பிரதிதான் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் கடையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. வேறு யோசனை இல்லாமல் அதையே வாங்கினேன்.

மாமா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். “பாரத்தப் பார்த்தா முழு ருஷ்யாவும் இதுக்குள்ளதான் கிடக்குப் போல.”

வீட்டுக்கு வந்தால் சரஸ்வதி பூசை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்துக்குச் செய்யவேண்டிய மரியாதை எல்லாம் தெரியும். புத்தகத்தை வாங்கி, அட்டையின் நடுவிலும் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசையில் அடுக்கிவிட்டார். விஜயதசமியன்று காலையில் தட்டில் அரிசியைப் பரப்பிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வயசிலயா அம்மா ஏடு தொடக்குற?”

“புது எழுத்துத்தானே மகள்? தொடக்காம எப்படிப் படிக்கிற? இரி இதில. முதல் எழுத்து எங்க கிடக்கு எண்டு காட்டு, நான் விரலப் பிடிக்கன்.”

நான் புத்தகத்தைத் திறந்து முதல் எழுத்தைத் தேடினேன். முன்னால் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. முன்னுரையை எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் விளங்கியது. எழுத்தும் உச்சரிப்பும் ஏற்கெனவே கற்றுக்கொண்டவர்களுக்காக எழுதிய புத்தகமாம் அது.

அம்மா அரிசித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, “முதல் எழுத்து இல்லாத புத்தகம் உனக்கு என்னத்துக்கு? குடுத்து மாத்திக்கொண்டு வா” என்றார்.

மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது. போய்த் திரும்புவதற்குள் காற்று எழும்பினால் வாவியில் தோணி விட முடியாது. மாமா தோணியை அவிழ்த்துக்கொண்டே முணுமுணுத்தார். “கெதியா ஏறு புள்ள. உன்ட ருஷ்யாவால நான் வாவிக்குள்ள தாண்டு போகப் போறன்.”

கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “பொட்டு வெச்சுப் பூசை செஞ்ச புத்தகத்த நான் ஆருக்குத் தங்கச்சி விக்கிற?”

மஞ்சளும் சிவப்புமாக ஐந்து பொட்டுகள் அட்டையில் ஊறிப்போயிருந்தன. நேர்முகமே கையை விட்டுப் போனதுபோல் இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து, “அந்த இலக்கணமா? அதத்தானே ரெண்டு நாளா நான் கேட்டுக்கொண்டிரிக்கன்!” என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளைச் சீருடையில் ஓர் இளம் தாதி. கழுத்தில் சின்னச் சிலுவை. ருஷ்யச் சிறுவர்கள் படிக்கும் முதல் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு, அடுத்த படிக்காகக் காத்திருந்தாராம்.

“பொட்டுப் பட்டிருக்கு மிஸ்” என்றார் கடைக்காரர்.

“பட்டா என்ன? எனக்கு அந்தோனியார் இரிக்கார், புத்தகத்துக்குச் சரஸ்வதி இரிக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னப் பாஸ் பண்ண வைக்கட்டும்.”

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். மொஸ்கோ வானொலியில் வரும் பாட்டுகள் விளங்க வேண்டுமாம், வேறொன்றுமில்லை என்றார். “நில்லு தங்கச்சி, என்ட பழைய புத்தகத்தத் தாறன், மாத்துக்கு மாத்து” என்று ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை மாமா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். “இருட்டிக்கொண்டு வருகுது. பஸ்ஸும் போயிரும். வரமாட்டா போல.” எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் அசையவில்லை. கடைசியில் தாதி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மெல்லிய பழைய புத்தகம். பக்கத்துக்கு ஓர் எழுத்து, அதற்கு ஒரு படம், கீழே கையால் எழுதிப் பழகக் கோடுகள். அவற்றில் பென்சிலால் அவர் எழுதிப் பழகியதும் இருந்தது.

களுவாஞ்சிக்குடித் துறைக்கு வந்தபோது தூறல் கனத்துவிட்டது. மாமா, தோணியில் சட்டிக்குள் வைத்திருந்த தன் மதியச் சோற்றை வாழையிலையோடு எடுத்து என் கையில் தந்துவிட்டு, காலியான சட்டிக்குள் புத்தகத்தை வைத்து மூடினார். பாதி வாவியில் காற்று பிடித்துக்கொண்டது. நாங்கள் நனைந்தோம், சோறும் நனைந்தது. புத்தகம் நனையவில்லை.

வீட்டில் அம்மா மீண்டும் அரிசித் தட்டை எடுத்ததும், விஜயதசமி கடந்துவிட்டதே என்றேன். “சாமி எழும்பிப் போயிட்டாவா?” என்று அம்மா மறுபடியும் அரிசியைப் பரப்பினார். என் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தார். மாமா எட்டிப் பார்த்தார். “அட, இது ஆங்கில ‘ஏ’ தானே! கடைப் பேர்ப்பலகையில கிடக்கிற எழுத்து. இதுக்கா இந்த மழையில அலைஞ்ச?” அம்மா சிரித்துச் சிரித்து என் விரலை விட்டுவிட்டார்.

அந்த வாரமே தோணி நின்றது. மாரி முழுவதும் அந்தப் புத்தகமும் நானும்தான். எவரையும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது. தெரியாத சொல்லுக்குப் படம் பதில் சொன்னது.

நேர்முகத்தில் மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர்களில் ஒருவர் ருஷ்யர். அவர் மொழியில் அவருக்கு வணக்கம் சொன்னேன். பெயரையும் ஊரையும் கேட்டார், சொன்னேன். அடுத்துக் கேட்டது விளங்கவில்லை. விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஒரு புத்தகத்தை எடுக்கும்போது, அதைப் பிடித்திருக்கும் என்னைப் பிறர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் நினைப்பதில்லை. கேட்க யாருமில்லாத இடத்தில் அது என்னோடு பேசுமா என்று மட்டும் பார்க்கிறேன். நேர்முகத்தின் முடிவு இன்னும் வரவில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் பிடித்து, விண்ணப்பத்தையும் நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.